வெட்டின ஓரத்தைப் பாருங்கள்: பழைய தோலில் பை தைக்கும் அறிவியல்

வேட்டைக்காரர் தோள்பை என்று ஒன்று உண்டு. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் இருந்த காலத்தில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈயக்குண்டு, சக்கிமுக்கிக் கல், துணித்துண்டு எல்லாம் போட்டுக்கொள்ள இடுப்பருகே தொங்கிய சின்னப் பை. முன்பக்கத்தை மூடும் ஒரு மடிப்பு, தோளுக்கு ஒரு வார், அவ்வளவுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் வேட்டைக்கு வேலையில்லை. ஆனாலும் வடிவம் நல்ல வடிவம். குலசேகரம், திற்பரப்பு பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் கத்தியும் சாணைக்கல்லும் வைத்துக்கொள்ளத் தோதாக இருக்கும். தூறல் விழுந்தாலும் தண்ணீர் மடிப்பின் மேலேயே வழிந்துவிடும்.

புதுத்தோல் விலைக்குக் கட்டுப்படியாகாது. பழைய பெல்ட், ஹேண்ட்பேக், ஷூ, சோபா உறை போதும். ஆனால் தோல் மாதிரி இருப்பதெல்லாம் தோல் இல்லை. பின்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். துணியின் நெசவு தெரிந்தால் அது ரெக்சின் வகை. செதில் செதிலாக உரியும் சோபா பெரும்பாலும் பாலியூரிதீன் பூசிய துணிதான். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்து அடிக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது சீக்கிரமே உரிவதில் ஆச்சரியமில்லை. அதை எந்த எண்ணெயும் காப்பாற்றாது, தூக்கிப் போடுங்கள்.

நிஜத் தோலின் பின்பக்கம் நாராகச் சிலிர்த்திருக்கும். அந்த நார்தான் கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல முறுக்கிக்கொண்டு ஒரு மூலக்கூறு, அதன் நீளம் சுமார் 300 நானோமீட்டர். இப்படிப்பட்டவை கோடிக்கணக்கில் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால்தான் தோல் எளிதில் கிழிவதில்லை. பச்சைத்தோலை அப்படியே உலர்த்தினால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். ஈரத்தோடு விட்டால் அழுகும். நார்களுக்கிடையே ஏதாவது ஒன்றைப் புகுத்தி இரண்டையும் தடுப்பதுதான் பதனிடுதல்.

எதைப் புகுத்தினார்கள் என்பதுதான் உங்கள் பையின் தலையெழுத்து. தமிழ்நாட்டில் பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கொலாஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழிற்சாலைக்கு வந்த குரோம் முறையிலோ, குரோமியம் உப்பு இன்னும் இறுக்கமாகப் பிணைகிறது. இன்று உலகில் பெரும்பகுதி தோல் குரோம்தான்.

கண்டுபிடிப்பது எளிது. கூரான பிளேடால் ஒரு ஓரத்தைப் புதிதாக வெட்டி, வெட்டின முகத்தைப் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பு என்றால் பெரும்பாலும் பட்டையில் பதனிட்ட பட்டைத்தோல். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் குழப்பும். அப்போது நகத்தளவு துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத்தோல் சுருண்டு இறுகிவிடும், ஏனென்றால் ஈரத்தில் அது சுருங்கத் தொடங்கும் வெப்பநிலை 75 முதல் 85 டிகிரி செல்சியஸ்தான். நல்ல குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். எரித்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு, அதைக் கேட்காதீர்கள். தோலிலுள்ள குரோமியம் எரியும்போது குரோமியம்-6 என்ற நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும்.

பையின் உடலுக்கு நான் பட்டைத்தோலையே தேடுவேன். அதற்குக் காரணம் உண்டு. சாதாரணத் தண்ணீரில் நனைத்தால் நார்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. பாலித்தீன் சுற்றிய கத்தியின் மேல் வைத்து அழுத்தி, நிழலில் உலரவிட்டால் புதிய இடங்களில் மறுபடி பிணைந்துகொள்ளும். கத்தியை எடுத்தாலும் வடிவம் அப்படியே நிற்கும். குரோம் தோலில் இது சரியாக வராது, அது பழைய நிலைக்கே தளர்ந்துவிடும். அதை மடிப்புக்கும் பக்கப்பட்டைக்கும் வைத்துக்கொள்ளலாம். வாருக்குப் பழைய பெல்ட் போதும், நீளவாக்கில் இழுத்து நெகிழாததாகப் பாருங்கள். விரலால் தேய்த்தால் செம்பழுப்புத் தூள் உதிரும் பட்டைத்தோலும் கிடைக்கும். அதில் அமிலத்தால் நாரே அறுந்துபோயிருக்கிறது, எதற்கும் ஆகாது.

ஆணி, பக்கிள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பட்டைத்தோலில் இரும்பு ஆணி அடித்து ஒரு மழைக்காலம் போகட்டும், சுற்றிலும் கறுப்பு வளையம் விழும். இரும்பும் டானினும் சேர்ந்தால் கருமை. கடுக்காயோடு இரும்பு சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். பித்தளையும் பச்சை பூக்கும், தோலிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்வதால். எவர்சில்வர் கிடைத்தால் நல்லது.

தையலுக்கு மீன்வலை பின்னும் நைலான் நூலே தாராளம், குளச்சலில் கிடைக்காததா? நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்தில் 1920களிலிருந்தே தேனீ வளர்ப்பு நடப்பதால் மெழுகுக்கும் பஞ்சமில்லை. குத்தூசியால் துளை போட்டு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விடவேண்டும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிப்பதால், ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் விட்டுக்கொண்டே போகும். இந்தக் கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் எண்ணெய். நம்மவர்கள் உடனே தேங்காயெண்ணெயை எடுப்பார்கள். சுமார் 24 டிகிரிக்கு மேல் அது திரவம், அதாவது நம் ஊரில் அநேகமாக எப்போதும். நிறையப் பூசினால் உள்ளே ஊறி நார்களை வழுக்கவிட்டுப் பையைத் தொளதொளக்க வைக்கும், சட்டையிலும் படியும். மெழுகோடு கலந்து, துணியில் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும்.

ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் பாட்டிலை மட்டும் இந்தப் பையில் வைக்காதீர்கள். அமிலம் பட்ட கொலாஜன் உப்பி வலுவிழக்கும். மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூட்டாமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்து, நிழலிலேயே காயவையுங்கள்.