டயாலிசிஸில் கால் இழுத்தால் பாதத்தை ஏன் மேலே தள்ளுகிறார்கள்?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்க அப்பாவுக்கு வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். மதுரைக்குத்தான் கூட்டிட்டு வர்றோம். மூணு மணி நேரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிரும், மனுசன் கத்திருவாரு. சிஸ்டர் வந்து முட்டிய நேராக்கி பாதத்தை மேல தள்ளிப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல விட்டுருது. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. உள்ள அப்படி என்னதான் நடக்குது?"

ஏன் இழுக்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஏன் விடுகிறது என்று கேட்டவர் இவர்தான். எனக்கும் அதுதான் பிடித்த பகுதி. இருந்தாலும் முதல் கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும், அதை வேகமாக முடித்துவிடுகிறேன்.

சிறுநீரகம் செய்யவேண்டிய இரண்டு வேலைகளை மெஷின் செய்கிறது. கழிவை வடிகட்டுவது ஒன்று, கூடுதல் தண்ணீரை எடுப்பது இன்னொன்று. கழிவு கிடக்கட்டும், நமக்குத் தண்ணீர்க் கணக்குதான் வேண்டும். சிறுநீர் போகாதவர் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். அதனால்தான் கட்டிலில் ஏறும் முன் எடை பார்க்கிறார்கள். கூடுதல் நீர் இல்லாமல் அவர் இருக்கவேண்டிய எடைக்கு 'டிரை வெயிட்' என்று பெயர். ஒருவரின் டிரை வெயிட் 60 கிலோ, வந்து நிற்பது 64 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் நான்கு லிட்டர் எடுக்கவேண்டும்.

மெஷினுக்கு எட்டுவது ரத்தம் மட்டும்தான். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா அவருக்கு மொத்தமே சுமார் 3 லிட்டர்தான் இருக்கும். 3 லிட்டரிலிருந்து 4 லிட்டரை எப்படி எடுப்பது? எடுக்க எடுக்க, திசுக்களின் இடைவெளியில் தேங்கியிருக்கும் நீர் ரத்தக்குழாய்க்குள் ஊறி வருகிறது. ஊறும் வேகத்துக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லை. அதை மிஞ்சினால் ரத்த அழுத்தம் இறங்கும். மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகும் சிறு குழாய்களை உடம்பு சுருக்கிக்கொள்ளும். கால் தசைக்கு ரத்தம் குறையும், அதைச் சுற்றியிருந்த நீரும் வற்றும். மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு இழுப்பது இதனால்தான். அதற்குள் தேங்கிய நீரில் முக்கால்வாசி போயிருக்கும், ஊற்று மெதுவாகிவிடும், மெஷின் மட்டும் அதே வேகத்தில் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 60 கிலோக்காரருக்கு அது மணிக்கு 780 மில்லி, நான்கு மணி நேரத்தில் 3 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். நான்கு லிட்டர் என்பது வரம்பை மீறிய கணக்கு. சோடியம் இறங்குவது, மெக்னீசியம் குறைவது என்று வேறு காரணங்களும் உண்டு.

தசை வலித்தாலும் கோளாறு தசையில் தொடங்குவதில்லை, அதை இயக்கும் நரம்பில் தொடங்குகிறது. சுற்றியிருந்த நீர் வற்றியதும் நரம்பின் கடைசி முனைகள் யாரும் கேட்காமலே துடிப்புகளை அனுப்ப ஆரம்பிக்கின்றன. தசைக்கு அது தண்டுவடத்தின் உத்தரவா, முனையின் உளறலா என்று தெரியாது. சுருங்குகிறது. நரம்பை மரக்கச் செய்துவிட்டு, அதற்குக் கீழே மின்சாரம் கொடுத்தும் பிடிப்பை வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள், வந்தது. ஆனால் தண்டுவடத்தோடு தொடர்பு இருக்கும்போது பிடிப்பு எளிதில் வருகிறது, நீண்ட நேரம் நிற்கிறது. அதாவது தண்டுவடமும் சேர்ந்துகொண்டு ஊதிவிடுகிறது. இந்தக் கூட்டணியை உடைப்பதுதான் சிஸ்டரின் கை செய்யும் வேலை.

அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது கட்டிலில் படுத்திருப்பவர்களின் பாதங்களைக் கவனியுங்கள். மல்லாந்து படுத்தால் பாதம் நேராக நிற்காது, விரல்நுனி முன்பக்கம் சாய்ந்து தொங்கும். மேலே போர்வை போட்டால் அதன் பாரமும் சேர்ந்து இன்னும் சாய்க்கும். பாதம் அப்படிச் சாயும்போது கெண்டைச் சதை குறுகிப்போகிறது. நான்கு மணி நேரம் அதே நிலை. பிடிப்பு வருவதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது.

ஏன் தோது என்பதற்கு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குள் போகவேண்டும். கெண்டைச் சதை முடிந்து நாணாக மாறும் எல்லையில், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சின்னச் சின்ன உறைகள் இருக்கின்றன. இத்தாலிக்காரர் கமிலோ கோல்கி 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றை விவரித்தார், அதனால் இவற்றுக்குக் கோல்கி உறுப்பு என்றே பெயர். நரம்புகளைக் கறுப்பாகச் சாயமேற்றிக் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்து, 1906இல் நோபல் பரிசு வாங்கிய அதே கோல்கிதான். உறைக்குள் கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கும். பின்னலின் இடுக்குகளில் ஒரே ஒரு நரம்பு நார் கிளை கிளையாகப் பிரிந்து நுழைந்திருக்கும். நாண் தளர்ந்திருந்தால் இழைகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கும். இழுத்தால் இழைகள் நேராகி ஒன்றையொன்று நெருங்கும், நடுவில் சிக்கிய நரம்பு முனைகள் நசுங்கும். நசுங்கிய முனையில் அயனி வாசல்கள் திறந்து துடிப்பு கிளம்பும். இழுவை கூடினால் துடிப்பும் கூடும். தொழில்நுட்பம் இவ்வளவுதான், நசுக்கினால் கத்தும் ஒரு நரம்பு!

இந்த உறுப்பு இருக்கும் இடம்தான் அழகு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள் இல்லையா, அங்கே தராசு மேலே உள்ள கம்பிக்கும் கீழே உள்ள மூட்டைக்கும் நடுவில் இருக்கிறது. பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போயாகவேண்டும். கோல்கி உறுப்பும் தசைக்கும் எலும்புக்கும் நடுவில் அப்படி மாட்டப்பட்டிருக்கிறது. தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை அதனிடம் மறைக்க முடியாது.

அந்தத் தகவல் நொடிக்கு 50 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே அது நேராக இயக்க நரம்பிடம் பேசுவதில்லை, நடுவில் ஒரு சிறிய நரம்பணுவைத் தட்டி எழுப்புகிறது. அந்த நடு அணுவின் வேலை அடக்குவது. எந்தத் தசையிலிருந்து சேதி வந்ததோ, அதே தசையை இயக்கும் நரம்பணுவை அது அமுக்குகிறது.

சரி, பிடிப்பு வந்த தசை கல்லுப்போல இறுகித்தானே இருக்கிறது, அப்போதே கோல்கி உறுப்பு கத்தி அதை நிறுத்தியிருக்க வேண்டாமா? இங்கேதான் பாதம் சாய்ந்திருந்த சங்கதி வருகிறது. மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் ஆக்டின், மயோசின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதைப் படித்திருப்பீர்கள். தசை ஏற்கெனவே குறுகிக் கிடந்தால் அந்த இழைகள் அளவுக்கு மீறி ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும், மேற்கொண்டு விசை கொடுக்க இடமிருக்காது. அதனால் தசை முழு மூச்சில் சுருங்கினாலும் நாணின்மேல் விழும் இழுவை குறைவு. வலியோ உயிர் போகிறது. அளக்கவேண்டிய உறுப்புக்கோ அவ்வளவாக ஒன்றும் தெரியவில்லை. தண்டுவடத்துக்கு 'போதும், நிறுத்து' என்ற சேதி பலமாகப் போய்ச் சேர்வதில்லை.

சிஸ்டர் வந்து செய்வதைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு கையால் குதிகாலை உள்ளங்கைக்குள் ஏந்துகிறார். அதே கையில் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவிலுள்ள பகுதியை நோயாளியின் உள்ளங்காலோடு ஒட்டிவைத்து, தன் உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கிறார். இன்னொரு கை முட்டிக்கு மேலே அழுத்தி, முழங்காலை மடங்கவிடாமல் பிடித்திருக்கிறது. பாதம் முழங்காலை நோக்கி வளைகிறது. கெண்டைச் சதை நீள்கிறது, ஆனால் இன்னும் சுருங்கிக்கொண்டும் இருக்கிறது. நீட்டப்படும்போதே சுருங்கும் தசைதான் நாணை மிகப் பலமாக இழுக்கும். அதுவரை அவ்வளவாகக் கத்தாத கோல்கி உறுப்புகள் ஒரே நேரத்தில் கத்துகின்றன, தண்டுவடத்தில் அடக்கும் அணுக்கள் விழிக்கின்றன, இயக்க நரம்பு அடங்குகிறது. சதை இளகுவது கைக்குத் தெரியும்.

இந்த உறுப்பு தசை அறுந்துபோகாமல் காக்கும் அவசரக் காவலாளி மட்டுமே என்று 1960கள் வரை நம்பினார்கள். 1967இல் பூனைகளில் செய்த சோதனை, சில தசை நார்கள் மட்டும் சுருங்கும் சிறு விசைக்கே அது பதில் சொல்வதைக் காட்டியது. 2007இல் ஆஸ்திரேலியாவில் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். ஆட்களுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பை வரவழைத்து, காலை நீட்டவே இல்லை, தசைநாணுக்கு மேல் மின்துடிப்பு மட்டும் கொடுத்தார்கள். பிடிப்பு அடங்கியது. இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

முழங்கால் நேராக இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. மேலாகத் தெரியும் கெண்டைச் சதை முழங்காலுக்கு மேலேயே தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. முழங்காலை மடக்கினால் மேல் பக்கம் தளர்ந்துவிடும், கீழே எவ்வளவு தள்ளினாலும் அதற்கு உறைக்காது. வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. தசைக்குள்ளேயே, நார்களுக்குப் பக்கவாட்டில், தசைக்கதிர் என்று வேறோர் உணர்வி இருக்கிறது. அது அளப்பது நீளத்தையும், நீளம் மாறும் வேகத்தையும். டாக்டர் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறதே, அது இதன் வேலை. வேகமாக இழுத்தால் தசைக்கதிர் மிரண்டு, 'சுருங்கு' என்று எதிர் உத்தரவு வாங்கிவிடும். மெதுவாகத் தள்ளி, 15 முதல் 30 நொடி அப்படியே பிடித்து, மெதுவாக விடவேண்டும். நோயாளியே தன் விரல்களை மேல்நோக்கி இழுக்க முயன்றால் இன்னும் நல்லது. முன்காலின் தசை வேலை செய்யும்போது தண்டுவடம் பின்காலின் தசையைத் தானாகவே தளர்த்தும்.

வந்த பிடிப்பை நிறுத்துவது போலவே, வராமல் தடுக்கவும் இது உதவுமா? ஓரளவு. நெதர்லாந்தில் 2012இல் வெளியான ஆய்வில், 55 வயதைத் தாண்டிய, இரவில் கால் இழுக்கும் 80 பேரில் பாதிப் பேரைத் தூங்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் அவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. 2005இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை. இரண்டுமே டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றியவை அல்ல. டயாலிசிஸ் நேரத்தில் செய்யும் நீட்டல் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. நம் ஊர் நர்சிங் கல்லூரி மாணவிகளின் முதுநிலை ஆய்வேடுகளிலும் இது அடிக்கடி வரும் தலைப்பு. பலவும் சாதகமாகவே சொல்கின்றன, ஆனால் எல்லாம் சில பத்துப் பேரோடு முடிந்துவிடுகின்றன. ஒரு துண்டை வைத்துக் காலை இழுப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை, அதனால் பெரிய ஆய்வுக்குப் பணம் வருவதில்லை என்பது என் எண்ணம். அரசுப் பணம் போகவேண்டியது இதுபோன்ற இடங்களுக்குத்தான். மலேரியா மருந்தான கொய்னாவுக்கு (குயினைன்) அப்படியில்லை, கால் இழுப்புக்கு வருடக்கணக்கில் அதைக் கொடுத்தார்கள். ரத்தத் தட்டணுக்களை ஆபத்தாகக் குறைக்கக்கூடும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இலும் 2010இலும் எச்சரித்தது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. அதே பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு நாள் டயாலிசிஸ் வார்டுக்குள்ளும் வந்து, கட்டில் கட்டிலாகக் கற்றுக்கொடுத்தால் என்ன?

அதுவரை, வீட்டில் செய்வது சுலபம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை உள்ளங்காலின் முன்பகுதியில், விரல்களுக்குக் கீழே மாட்டி, இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுக்கவேண்டும். காலுக்கு மூன்று முறை, தூங்கும் முன். வார்டில், இழுக்க ஆரம்பிக்கும் நேரத்துக்கு முன்பே, படுத்தபடியே கால்களை மட்டும் நீட்டிச் செய்யலாம். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம், இருக்கும் கையை அசைக்கக் கூடாது. கட்டிலை விட்டு இறங்கி நின்று செய்யவேண்டாம், பிரஷர் இறங்கியிருக்கும், விழுந்துவிடுவார். தொடையில் குழாய் போட்டிருப்பவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், காலில் புண் இருப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

அப்புறம், பக்கத்து வீட்டு வைத்தியம். கால் இழுக்கிறது என்றதும் "இளநீர் குடிங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க" என்பார்கள். வயலில் வெயிலில் நின்றவருக்குச் சரி. டயாலிசிஸ்காரருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் வெளியேற வழியில்லை, அளவு மீறினால் இதயமே நின்றுபோகலாம். இன்னொன்று கயிறு. மந்திரித்த கயிறு காலில் கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதையே ஃபிஸ்டுலா போட்ட கையில் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஃபிஸ்டுலாவே அடைத்துக்கொள்ளலாம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவே விடமாட்டார்கள், கயிறு மட்டும் எப்படிச் சரியாகும்? சாமி கோபித்துக்கொள்ளாது, அடுத்த கையில் கட்டுங்கள்.

தம்பி, உங்கள் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் இழுக்கிறது என்றால் துண்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ ஏறி வருகிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் இருக்கும் வீட்டில் தண்ணீரை மட்டும் அளந்து கொடுத்து என்ன பயன், தாகம் விடாது. எடை அதிகம் ஏறாமலும் இழுக்கிறது என்றால், அவர் கொஞ்சம் சதை போட்டிருக்கலாம், பழைய டிரை வெயிட்டையே வைத்துக்கொண்டு தேவைக்கு மேல் தண்ணீர் எடுக்கிறார்களோ என்னவோ. நோட்டைக் காட்டி, டிரை வெயிட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வாரம் இரண்டை மூன்றாக்க முடியுமா, நேரத்தைக் கூட்டித் தண்ணீரை நிதானமாக எடுக்க முடியுமா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.