சொல் விளக்கம்: டோபாலஜி, இடவியல், இடவியல் அலை

ஒலியைத் தடுப்பது, உறிஞ்சுவது பற்றிய ஆய்வுகளில் ‘டோபாலஜிக்கல்’ என்ற அடைமொழி இப்போது அடிக்கடி தட்டுப்படுகிறது, ‘டோபாலஜிக்கல் உறிஞ்சி’ என்பதுபோல. டோபாலஜி என்பது, இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் கணிதப் பிரிவு. கிரேக்கத்தில் டோபோஸ் என்றால் இடம். ஜெர்மன் கணிதர் யோஹான் லிஸ்டிங் 1847இல் தன் நூல் தலைப்பிலேயே டோபாலஜி என்ற சொல்லை வைத்தார், ஆனாலும் அதே துறைக்கு வழங்கிய ‘அனாலிசிஸ் சிட்டஸ்’ என்ற லத்தீன் பெயர் லேசில் போகவில்லை, 1895இல் பிரெஞ்சுக் கணிதர் புவான்கரே எழுதிய பெரிய கட்டுரைக்கும் அதுதான் தலைப்பு. தமிழில் இடவியல், இடத்தியல் என்றும் எழுதுகிறார்கள். மேடுபள்ளத்தை வரைபடமாக்கும் டோபோகிராஃபி வேறு, இது வேறு.

பெயரில் இடம் இருந்தாலும் விஷயம் இடமே அல்ல, மாறாத ஓர் எண். கம்பத்தில் மூன்று சுற்று சுற்றி இரு முனையையும் முடிந்த கயிற்றை எப்படி இழுத்தாலும் தளர்த்தினாலும், அறுக்காதவரை சுற்று மூன்றுதான், இரண்டே முக்கால் ஆகாது. அலையின் கட்டத்துக்கும் (அதிர்வுச் சுழற்சியில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது) இப்படிச் சுற்று எண்ணலாம். இந்த எண் வேறுபடும் இரண்டு ஊடகங்கள் ஒட்டுகிற எல்லையில், ஒரே திசையில் மட்டும் ஓடும் அலை பிறக்கும்.

எலக்ட்ரான்களை அப்படி ஓடவைக்கக் காந்தப்புலம் போதும். ஒலி காந்தத்தைச் சட்டை செய்யாது, அதனால் காற்றையே சுழலவிடுகிறார்கள். சுழற்சியோடு போகும் ஒலியும் எதிர்த்து வரும் ஒலியும் அப்போது சமமில்லை. 2014இல் ஒரு வளையத்துக்குள் சிறு விசிறிகளை வைத்து ஒலியை ஒருவழிப் பாதையில் அனுப்பியே காட்டிவிட்டார்கள். கடலிலும் காற்றுமண்டலத்திலும் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே மட்டும் நகரும் கெல்வின் அலைகளும் இதே இனம்தான் என்று 2017இல் தெரியவந்தது. அங்கே சுழல்வது பூமி.

சரி, உறிஞ்சுவது எங்கே? இடவியல் ஒலியை உறிஞ்சுவதே இல்லை. நுண்துளைச் சுவர்களில் காற்று உரசும்போது, முக்கியமாக அதன் பாகுநிலையால் (உள் உராய்வால்) ஒலி வெப்பமாகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதை நுரைப்பஞ்சால் நன்றாக அடக்க அதில் கால்பங்கு, அதாவது 85 செ.மீ. தடிமன் வேண்டியிருக்கும். யார் வைப்பார்கள்? சின்ன ஒத்ததிர்வு அறை (குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் பலமாக அதிரும், துளையுள்ள சிறு பெட்டி) இருந்தால் அவ்வளவு தடிமன் வேண்டாம், உள்ளே வீணாகும் ஆற்றலும் வெளியே கசியும் ஆற்றலும் சமமாகும் புள்ளியில் எதிரொலிப்பு பூஜ்ஜியம். அதிர்வெண்ணையும் இழப்பையும் இரு அச்சுகளாக வைத்து, அந்தப் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனால் திரும்பிவரும் அலையின் கட்டம் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. இடவியலுக்கு வேலை இங்கேதான். அறையின் துளை அளவு கொஞ்சம் பிசகினால் பூஜ்ஜியம் நகரும், காணாமல் போகாது. எதிர்த்திசைச் சுற்றுள்ள இன்னொரு பூஜ்ஜியத்தோடு மோதினால்தான் இரண்டும் அழியும். அப்புறம் அந்த ஒருவழி அலை: முட்டுச்சந்துக்குள் விட்டால் திரும்ப வழியின்றி அங்கேயே குவிந்து வெப்பமாகத் தீர்ந்துவிடும்.

அதனால் ‘இடவியல் உறிஞ்சி’ என்று மொழிபெயர்ப்பதைவிட ‘இடவியல்வழி ஒலி உட்கவர்தல்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.