தொலைநோக்கி வழியே நிலா: ஷட்டரை எவ்வளவு வைப்பது?

தொலைநோக்கியில் கேமராவை மாட்டி ஆட்டோவில் எடுத்தால், நிலா பெரும்பாலும் வெறும் வெள்ளை வட்டமாகத்தான் விழும். படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு வானம் இருப்பதால், கேமரா இருட்டு என்று நினைத்து ஒளியை அள்ளி உள்ளே விட்டுவிடுகிறது. ஆனால் நாம் பார்க்கும் பக்கத்தில் அப்போது பட்டப்பகல். வெயிலில் கிடக்கும் கரும்பாறைதான் நிலா. விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே மேனுவலுக்கு மாறிவிடுங்கள்.

தொலைநோக்கியில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, கூட்டிக் குறைக்க முடியாது. குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். குவியத்தூரம் 1000 மி.மீ., விட்டம் 200 மி.மீ. என்றால் எஃப்/5. முழுநிலவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எஃப்/11, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100 என்றால் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/100 வினாடி. எஃப்/5இல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளி வருவதால் 1/500 போதும். குவியத்தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் எஃப்/10 ஆகிவிடும்; அப்போது 1/125. அரைநிலாவுக்கு இதைப்போல நான்கு மடங்கு நேரம் கொடுத்துத் தொடங்கலாம். வெயில் சாய்வாக விழுவதால் அன்று தரை மங்கல்தான். ஆனால் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவதும் அன்றுதான். எனக்கு முழுநிலவைவிட அரைநிலாவே பிடிக்கும்.

இதெல்லாம் தொடக்கப் புள்ளி மட்டுமே. அப்புறம் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக எவ்வளவு இருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வலது ஓரத்தை அது முட்டக் கூடாது. முழுநிலவென்றால் அரிஸ்டார்க்கஸ் பள்ளத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. நிலாவில் மிகப் பளிச்சென்ற இடங்களில் அது ஒன்று. ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப்படத்தில்) நிழலை ஓரளவு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது.

ஒளி போதவில்லையா? ஷட்டரை மெதுவாக்குவதைவிட ஐஎஸ்ஓவை ஏற்றுவதே மேல் என்பேன். தொலைநோக்கி அசையாமல் நின்றால் நிலா வினாடிக்குச் சுமார் 15 வில்விநாடி நகரும் (ஒரு பாகையில் 3600 வில்விநாடி). 1/125 வினாடியில் அது ஒரு பொருட்டே இல்லை. உண்மையான தொல்லை காற்று. சூடும் குளிருமாக நெளியும் காற்றடுக்குகள் பள்ளத்தின் விளிம்பைக் கணத்துக்குக் கணம் இழுத்துக் கலைக்கின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால், காற்று அமைதியான ஒரு கணம் அப்படியே சிக்கும். அதனால்தான் பலர் வீடியோவாக நூற்றுக்கணக்கான சட்டகங்கள் எடுத்து, கூர்மையானவற்றை மட்டும் பொறுக்கி, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். 100 சட்டகங்களைச் சராசரி எடுத்தால் படத்தின் இரைச்சல், அதாவது பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள், பத்தில் ஒன்றாகிவிடும்; ஐஎஸ்ஓ ஏற்றியதால் வந்த புள்ளிகள் பெருமளவு மறையும். மெதுவான ஷட்டரால் வந்த கலங்கலுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

நிலா அடிவானத்தருகே இருந்தால் ஒளி கடக்க வேண்டிய காற்று இன்னும் அதிகம். மேலே ஏறும்வரை ஃபோகஸைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம்.