மாற்றுத்திறன் பிள்ளைகளின் மனநலம்: ஆசிரியருக்குப் பயிற்சி கேட்க நமக்கு உரிமை உண்டு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்வழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு உதவித்தொகை, வீல்சேர், காதுமெஷின் பற்றியெல்லாம் ஓரளவு தெரிந்திருக்கிறது. வகுப்பு டீச்சருக்குப் பயிற்சி கொடுப்பதும் அரசின் கடமைதான் என்பது பலருக்குத் தெரியவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிகளும் இந்தப் பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்கிறது. அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியும் இதில் அடக்கம். அதற்கேற்ப ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பயிற்றுவிக்கும் பொறுப்பை 17-ஆம் பிரிவு அரசிடம் கொடுக்கிறது.

பயிற்சி இருந்தால் என்ன மாறும்? மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்துவிடும் ஆட்டிசப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். விவரம் தெரியாத டீச்சர் அதை அடம் என்று நினைத்து அதட்டுவார். தெரிந்தவர், "இப்ப மணி அடிக்கும்டா கண்ணு" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார், அன்றைய பாடங்களைப் படமாகச் சுவரில் ஒட்டுவார், ஒதுங்கி உட்கார ஒரு மூலை கொடுப்பார். காது கேளாத பிள்ளை, வகுப்பே சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சுருங்கிப்போகும். எதற்குச் சிரித்தார்கள் என்று அதன் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதட்டி, அவமானப்படுத்தி மனதை நோகடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் தடை செய்கிறது.

பி.ஆர்.சி. எனும் வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் டீச்சர் வருகிறாரே என்பார்கள். அவர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது வகுப்பு டீச்சர்தான். பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது அவருக்கு. இன்னொன்றையும் அழுத்திக் கேளுங்கள்: கவுன்சிலிங் தமிழில் வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தன் பயத்தை மலையாளத்தில் சொல்லத் திணறும்.

பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் கழகம்) கூட்டத்தில் இதை வைத்துத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அந்த நகலோடு தலைமையாசிரியர் வழியாக பி.ஆர்.சி.க்கு மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். உரிமை மறுக்கப்பட்டால் விசாரிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. இதற்கிடையில் பிள்ளை ரொம்பவும் சோர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். காசில்லை, தமிழிலேயே பேசலாம்.