கம்பெனி கை மாறி வேலை போய்விட்டதா? கெடு ஓடத் தொடங்கிவிட்டது

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 14 வருடம் வேலை பார்த்தவர். கம்பெனி கை மாறிய வாரத்தில் எச்.ஆர்.காரர் இரண்டு தாள்களை நீட்டினார். மேலே ராஜினாமாக் கடிதம், கீழே புது அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர். "சும்மா ஃபார்மாலிட்டிதான் அண்ணே." கையெழுத்துப் போட்டார். எட்டாவது மாதம் வேலை போனது. பழைய சர்வீஸுக்குக் கணக்குக் கேட்டால் புது முதலாளி பழையவரைக் காட்டினார், பழையவர் புதியவரைக் காட்டினார். இந்த அலைச்சலிலேயே மூன்று வருடம் தீர்ந்தது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். நிறுவனம் கை மாறும்போது, ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் உண்டு. சர்வீஸ் அறுபடாமல், சலுகை குறையாமல், பின்னால் நீக்கினால் பழைய வருடங்களையும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கப் புது முதலாளி கட்டுப்பட்டால் இந்தத் தொகை கிடையாது. அதற்காகத்தான் அந்த ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். போட்டால் சர்வீஸை நீங்களே அறுத்ததாக வாதாடுவார்கள்.

ஷேர் மட்டும் கை மாறினால் சட்டத்தின் கண்ணில் முதலாளி மாறவே இல்லை. நஷ்டஈடு இல்லை, சரி. அப்போது ராஜினாமா எதற்கு?

இன்னொரு பொறி, பதவிப் பெயர். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் 'தொழிலாளி' கணக்கில் வரமாட்டார். அதனால் மெஷினில் நிற்பவருக்குக்கூட 'சூப்பர்வைசர்' என்று பெயர் கொடுத்துவிடுகிறார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு, அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல.

இப்போது கெடு. வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்துத் தனி ஆளாகத் தொழில் தீர்ப்பாயம் போக, நீக்கிய நாளிலிருந்து முன்பு 3 வருடம் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 2 வருடம். எந்தத் தேதியில் நீக்கப்பட்டிருந்தாலும் 2 என்றே வைத்துக்கொண்டு நடங்கள். "மேனேஜ்மென்ட்ல பேசிட்டு இருக்கோம்" என்று எச்.ஆர். சொல்வதால் கடிகாரம் நிற்காது.

முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. அங்கே "கம்பெனிக்காரங்க வரல, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். நாலைந்து வாரம் இப்படிப் போகும். போகட்டும். மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால் நேரே தீர்ப்பாயம் போகலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அந்த 45 நாளை நிரூபிக்க மனு நகலில் தேதியோடு சீல் வேண்டும். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதே மனுவில் தீராது, அதற்கு அதிகாரி வேறு. வேலை முடிந்த 30 நாளில் பணம் வர வேண்டும். வராவிட்டால் உடனே எழுதிக் கொடுங்கள். பி.எஃப்.புக்கு இன்னொரு ஆபீஸ். ஒரே ஆளுக்கு மூன்று வாசல்.

கை மாறப் போகிறது என்ற பேச்சு கிளம்பிய அன்றே சம்பளச் சீட்டு, பழைய ஆர்டர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கை மாறிய அடுத்த மாதம் பி.எஃப். தளத்தில் உங்கள் சர்வீஸ் விவரத்தைத் திறந்து பாருங்கள். பழைய கம்பெனி பெயருக்கு எதிரே, உங்களிடம் சொல்லாமலே, வெளியேறிய தேதி ஒன்று ஏறியிருக்கலாம்.