முத்திரைத்தாளில் முடிகிற விவகாரமா இது?

சென்ற வாரமும் ஒரு பெண் வந்தார், விவாகரத்து என்று எழுதிய 20 ரூபாய் முத்திரைத்தாளோடு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கியிருந்தார்கள். “இன்று முதல் நமக்குள் யாதொரு பாத்தியமும் இல்லை. நகை 42 பவுனும் பெற்றுக்கொண்டேன். ஜீவனாம்சம் கோர மாட்டேன்.” கைக்கு வந்தது 28 பவுன்தான். மீதி, கணவர் பெயரில் அடகில் இருக்கிறதாம். மீட்டுத் தருவதாக வாய்ச்சொல். அடகு ரசீதின் நகல்கூட இவரிடம் இல்லை.

இன்னும் எத்தனை தாள்களைத்தான் பார்ப்பது? இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம் நோட்டரியின் மேசையில் முறியாது. 100 ரூபாய்த் தாளில் எழுதினாலும் முறியாது. சாட்சிக் கையெழுத்து ஊராட்சித் தலைவருடையது என்றாலும் முறியாது. “எங்கள் சமூகத்தில் இதுதான் வழக்கம்” என்பீர்கள். சட்டத்தின் 29(2) பிரிவு அத்தகைய வழக்கத்தை ஏற்கிறதுதான். ஆனால் அது தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அந்த அலைச்சலுக்கு, இருவரும் சேர்ந்து 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவே போட்டுவிடலாம். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது. இருதார வழக்கும் வரும். ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதி வாங்கியதும் காப்பாற்றாது. ஆண்களே, பணமும் கொடுத்துவிட்டு வழக்கிலும் நிற்கப்போவது நீங்கள்தான்.

கணவன் சொத்தில் சரிபாதி என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. சம்பளத்தில் 25 சதவீதம் என்பதும் கட்டாய விதியல்ல. சீர் நகை மனைவியின் தனிச்சொத்து. 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சமரசம் பேசும்போதும் அதைக் கேளுங்கள். கணக்குப் பார்க்காமல் தொகை பேசாதீர்கள்.

13பி மனுவிலேயே எல்லாவற்றையும் எழுதுங்கள். நகையை எடையோடு, அடகில் இருப்பதைத் தனியாக. பணத்தைக் காசோலையாக வாங்காதீர்கள், வரைவோலை கேளுங்கள். ஒரு பகுதி முதல் மனுவின்போது, மீதி இறுதி விசாரணையன்று நீதிமன்றத்திலேயே. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், மறந்துவிடாதீர்கள்.

வீட்டை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்பே செட்டில்மெண்ட் பத்திரம் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினருக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை கணவன் மனைவியாக இருக்கும்வரைதான். கூட்டாக வாங்கிய வீட்டுக் கடனில் உங்கள் பெயரை நீக்கியதாக வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். தவணை தவறினால் வங்கி உங்கள் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்காது, கடனை உங்களிடமும் கேட்கும்.

குழந்தையின் பங்கில் மட்டும் பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து. தாய் “வேண்டாம்” என்று கையெழுத்திட்டாலும் தந்தையின் கடமை தீராது. மாதச் செலவுக்கு ஒரு தொகை, படிப்புக்குத் தனியாகக் குழந்தை பெயரில் வைப்புத்தொகை, நீதிமன்ற அனுமதியில்லாமல் 18 வயதுவரை அதை எடுக்கக் கூடாது என்ற வாசகம். இவை மூன்றும் மனுவில் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.