பஸ் ஜன்னலில் இருந்து உண்ணிச்செடியை எண்ண முடியாது

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல்லுக்கு பஸ்ஸில் போனால் வழி நெடுக உண்ணிச்செடி (லாண்டானா என்கிற அயல் புதர்ச்செடி) கண்ணில் படும், உடனே காடே போச்சு என்று தோன்றும். ஆனால் சாலையோரத்தில் வெயில் நன்றாக விழுகிறது, மண்ணும் கிளறிக் கிடக்கிறது, உண்ணிக்கு அது போதும். அதை மட்டும் பார்த்துவிட்டு உள்காட்டுக்கும் கணக்குப் போட்டால் கணக்கு ஊதித்தான் வரும்.

சரி, எங்கே பார்ப்பது? எதற்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. புதிதாக ஒரு அயல் செடி நுழைகிறதா என்று பிடிக்க வேண்டுமானால் சாலையோரம், ஓடைக்கரை, நர்சரி பக்கம்தான் சரியான இடம். ஏற்கெனவே வந்தது கூடுகிறதா குறைகிறதா என்றால், வரைபடத்தில் கட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்கி இடம் எடுக்க வேண்டும், அது முள்ளுக்குள் விழுந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

அங்கே 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் அளந்து, மூலையில் கல் நட்டு, ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். உண்ணி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தலை எண்ண முடியாது, எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்றுதான் பார்க்க முடியும். இதில் ஒருவர் 40 சதவீதம் என்பார், பக்கத்தில் நிற்பவர் 60 என்பார். அதனால் கால்வாசிக்குக் கீழே, கால் முதல் அரை என்று அகலமான வகுப்புகளாக எழுதுவது நல்லது, முதல் நாள் எல்லோரும் ஒரே சதுரத்தைப் பார்த்துக் கண்ணைச் சமன்படுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

பார்த்தீனியம் என்கிற இன்னொரு அயல் களை வேறு மாதிரி ஏமாற்றும். மாந்தோப்பில் மழை விழுந்ததும் முளைத்து, ஒன்றிரண்டு மாதத்திலேயே பூத்துவிடும். இந்த வருஷம் ஏப்ரல் வெயிலில் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் அக்டோபரில் போனால் பயங்கரமாகப் பெருகிவிட்டதாகத்தான் அறிக்கை வரும். மாறியது மாதம்தான்.

அப்புறம், எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ‘இல்லை’ என்று எழுதுவது. இருக்கிற செடி ஒரு தடவை போனால் கண்ணில் படும் வாய்ப்பு பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை தனித்தனியாகப் போயும் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். ஒரே ஒரு தடவை போய்விட்டு இல்லை என்றால் அந்த இல்லைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆகவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தேதி, எத்தனை பேர், எத்தனை நிமிஷம் தேடினார்கள் என்பதும் இருக்க வேண்டும். வெறும் கோடு இழுத்து வைத்திருந்தால், பார்த்தும் இல்லையா, அந்தப் பக்கம் போகவே இல்லையா என்று பத்து வருஷம் கழித்து அந்தத் தாளைப் புரட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?